நாலாவது கண்ணாடிக் கடை

ஜனவரி 8

அன்புள்ள அண்ணா,

உன் முழங்கால் மாடி ஏற விடுகிறதா? அண்ணியின் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மாப்பிள்ளைக்குத்தான் குதிகால் வலி. தண்ணீர் மீட்டர் பார்க்கத் தெருத் தெருவாக நடக்கிறவருக்குக் குதிகால் வலிக்காமல் காதா வலிக்கும் என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

கடை திறந்து மூன்று வாரம் ஆகிறது. தபால் நிலையத்துக்குப் பின்தெரு, பச்சைக் கதவு. கண் சோதிக்கும் நாற்காலி, எழுத்துப் பலகை, நாற்பது பிரேம்கள், நான். வாடிக்கையாளர்தான் இல்லை. மூன்று வாரத்தில் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தபால்தலை ஒட்டப் பசை கேட்டு வந்தவர்.

நான் வேலையை விட்ட கதை உனக்குத் தெரியும். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை மூன்றே மூன்று. என் பழைய முதலாளியின் மணிக்கூண்டுக் கடை, ஆஸ்பத்திரி வாசல் கடை, ஸ்டேஷன் கடை. மூன்றிலும் படிக்கிற கண்ணாடி தொள்ளாயிரம். அதன் அடக்கவிலை என்ன என்று பதினோரு வருஷமாக அங்கே கண் சோதித்து, பில்லும் பார்த்த எனக்குத் தெரியும். நாம் கொஞ்சம் குறைத்தால் மற்ற இரண்டு கடைக் கூட்டமும் நம்மிடம் வருமே என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "குறைச்சா யாருக்கும்மா தெரியப்போகுது? வந்து உட்கார்ந்தவன் எந்திரிச்சா போகப்போறான்?" நான் ஐந்நூற்று ஐம்பதுக்கு விற்றுக் காட்டுகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார். "உன் ஸ்டூல் இங்கயேதான் இருக்கும். ஒரு வருஷம் கழிச்சு வா."

கடை வாடகை ஒப்பந்தமும் ஒரு வருஷம்தான். அதற்குள் கடை நிற்கவில்லை என்றால் அந்த ஸ்டூலில்தான் போய் உட்கார வேண்டும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

அவனவன் தொள்ளாயிரம் கொடுத்துக்கொண்டிருக்க, பாதிக்குக் கொஞ்சம் மேலே விற்கிறவளிடம் ஏன் யாரும் வரவில்லை? உலகம் தெரிந்தவன் நீ, சொல்.

உன் தங்கை


ஜனவரி 27

அன்புள்ள சில்வண்டுக்கு,

முழங்கால் ஏறுகிறது, இறங்கத்தான் யோசிக்கிறது. உன் அண்ணியின் இருமல் நின்று, திட்டு தொடங்கிவிட்டது. நலம் என்று எடுத்துக்கொள். மாப்பிள்ளையை வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொல்.

உன் கேள்விக்கு லாரி ஆபீஸில் பார்சலுக்கு முகவரி எழுதுகிறவன் என்ன பதில் சொல்வது? என் செருப்புக் கதையைச் சொல்கிறேன். போன மாதம் செருப்பு அறுந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடைக்குப் போனேன். அறுநூறு என்றான். அதிகம்தான் என்று எனக்கும் பட்டது. அடுத்த செருப்புக் கடை சந்தைக்கு அந்தப் பக்கம். வெயில், அறுந்த செருப்பு, இந்த முழங்கால். அங்கே ஐந்நூறு என்றே வைத்துக்கொள், அதுவும் நிச்சயம் இல்லை. போய்ப் பார்த்தால்தானே தெரியும்? கடைக்காரன் என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், கொசுவை விரட்டினான். நான் பணத்தை எடுத்தேன்.

என்னை மாதிரி ஆட்களை நம்பித்தான் உன் முதலாளி தொள்ளாயிரம் போடுகிறார். மற்ற இரண்டு கடைக்காரர்களும் அப்படியே. உன் அண்ணி மாதிரி நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அவர்களுக்கும் உன் பச்சைக் கதவு இன்னும் தெரியாது.

மனதை விடாதே. வருஷம் இப்போதுதானே பிறந்தது.

அண்ணன்

(அண்ணி எழுதுவது: அதே செருப்பை என் அப்பாவுக்கு நானூற்றுக்கு வாங்கினேன். இவரை நம்பி வியாபாரம் பண்ணாதே.)


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணா, அண்ணி,

இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். உப்பு வெந்நீர் கேட்டது. இப்போது தினமும் வாளியோடு உட்கார்ந்து ராஜா மாதிரி செய்தித்தாள் படிக்கிறார்.

உன் செருப்புக் கதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். அப்படியானால் இன்னும் குறைத்துவிடு என்றார். நானூற்று ஐம்பது என்று பலகை எழுதிக் கதவில் மாட்டினேன். மறுநாள் ஒரு அம்மா வந்து பலகையைப் படித்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு மலிவுன்னா கண்ணு போயிடாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பலகையைக் கழற்றிவிட்டேன்.

பிறகு ஈ ஓட்டிக்கொண்டு நிதானமாக யோசித்தேன். செருப்புக்காவது அடுத்த கடை வரை நடந்தால் போதும். கண்ணாடிக்கு அப்படி இல்லை. மூன்று கடையிலும் கண் சோதனை இலவசம். பலகையைப் படிக்கவைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம். பவரை ஓர் அட்டையில் எழுதி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவோம். விலையை அதற்குப் பிறகுதான் சொல்வோம். அட்டையை மட்டும் கொடுக்க மாட்டோம். அடுத்த கடையில் விலை கேட்க வேண்டுமென்றால் அங்கேயும் முதலிலிருந்து முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். கண்ணில் நீர் வழிய எவன் போவான்? அந்த அட்டைகளை அடுக்கியவளே நான்தான் அண்ணா. பதினோரு வருஷம். ஒருநாளும் எனக்கு இது உறைக்கவில்லை.

மூன்று கடைக்காரர்களும் கூடிப் பேசி விலை வைக்கிறார்கள் என்று ஊர் நினைக்கிறது. அவர்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார் என்று மூன்று பேருக்கும் தனித்தனியாகத் தெரியும். அதுவே போதுமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் தொள்ளாயிரம் வைத்துவிடலாமா என்று இருக்கிறது. குறைத்தாலும் யாருக்கும் தெரிவதில்லை, கூட்டினாலும் தெரியப்போவதில்லை. தப்பித் தவறி வருகிற நாலு பேரிடமாவது வாடகை தேறும்.

இன்னொன்று. உன் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். போன கடிதத்தில் எறும்பெல்லாம் வண்டாகியிருந்தன. வரியும் சரிந்து ஓடுகிறது. என்ன சங்கதி?

தங்கை


ஏப்ரல் 3

அன்புள்ள சில்வண்டுக்கு,

பதில் தாமதம். ஆபீஸில் வேலை தலைக்கு மேல். உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனா புதிது, முனை தடிமன்.

நீ தொள்ளாயிரம் வாங்கினால் ஊரில் ஒரு முதலாளி கூடுவார். எனக்கு ஒரு தங்கை குறைவாள். யோசித்துக்கொள். வேறென்ன சொல்ல, இங்கே மழை இல்லை.

அண்ணன்

(அண்ணி எழுதுவது: இவர் ஒரு பக்கத்தோடு முடித்துவிட்டார், மீதியை வீணாக்குவானேன். போன வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியது. உள்ளே இருந்த தேய்ந்த ரப்பர் வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாலு கடை ஏறினேன். "இது என்ன விலை?" அவ்வளவுதான் பேச்சு. கடைக்கு ஒரு நிமிஷம். முப்பது சொன்னவனும் உண்டு, எட்டு சொன்னவனும் உண்டு. கையில் வளையம் இல்லாமல் போயிருந்தால், எந்தக் குழாய், என்ன அளவு என்று முதல் கடைக்காரனே என்னை உட்காரவைத்துத் தலையில் கட்டியிருப்பான். கையில் ஏதாவது இருந்தால்தான் அடுத்த படி ஏற முடியும். உன் கடைக்கு வருகிறவர்கள் கையில் என்ன இருக்கிறது?)


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதம் உங்களுக்கு. அண்ணா வேண்டுமானால் ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும். இருவரும் சுகம்தானே? நாங்கள் சுகம். நான் சுகத்துக்கும் ஒருபடி மேலே.

உங்கள் ரப்பர் வளையத்தைப் படித்ததும் கடைக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டேன். அன்றே புதுப் பலகை எழுதினேன். "கண் சோதனைக்கு ஐம்பது. அட்டை உங்களுக்கே." அட்டையின் முன்பக்கம் பவர், கீழே என் கையெழுத்து. பின்பக்கம் என் கடை விலை. கையில் கொடுத்து, மற்ற மூன்று கடையிலும் காட்டி விலை கேளுங்கள், பிறகு பிடித்த இடத்தில் வாங்குங்கள் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். என் வீட்டுக்காரர் வாளிக்குள்ளிருந்து காலை எடுத்துவிட்டார். "வந்த ஆளை வேற கடைக்கு வழியனுப்பற கடைக்காரியை நான் பார்த்ததே இல்லை" என்றார். நானும்தான் பார்த்ததில்லை.

முதல் அட்டை எதிர்த்தெருத் தையல்காரிக்கு. ஊசியில் நூல் கோக்க முடியாமல் வந்தவள். அட்டையை எடுத்துக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போயிருக்கிறாள். முதலாளி அதைத் தொடக்கூட இல்லையாம். "வெளி அட்டை இங்க செல்லாது" என்றாராம். அவள் கோபத்தோடு திரும்பி வந்து என்னிடமே வாங்கினாள். இப்போது துணி தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறாள்.

அண்ணி, ஒரு சந்தேகம். புதுப் பேனா என்றால் எழுத்து தடிக்கும், பெரிதாகாது. அண்ணாவின் கண்ணை யார் பார்க்கிறார்கள்?

உங்கள் நாத்தனார்


ஜூன் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலமாக இருக்கிறோம். உன் அண்ணனுக்குப் பார்சல் தூக்கியதில் மணிக்கட்டு சுளுக்கு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

சில்வண்டே, அட்டை யோசனை அபாரம் என்கிறார். அண்ணியின் மூளை அதில் பாதி என்று எழுதச் சொல்லாமல் விட்டார், நானே சேர்த்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் குதிகாலை விசாரிக்கிறார். கடையில் கூட்டமா என்று கேட்கிறார். கண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார்.

இனி நான். உன் கடிதம் வந்தால் சன்னலோரம் உட்கார்ந்து என்னைப் படிக்கச் சொல்கிறார். என் குரலில் கேட்டால் நன்றாக இருக்கிறதாம். இருபத்திரண்டு வருஷமாக இல்லாத ருசி. மற்றதை நான் எழுதக்கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறார், அதனால் எழுதவில்லை.

அண்ணி


ஜூன் 11

அண்ணா,

மணிக்கட்டு சுளுக்கியவன் எழுதத்தான் முடியாது. படிக்கவுமா முடியாது?

நீ பதில் எழுதும்வரை சும்மா இருக்க முடியாது, அதனால் கடைச் செய்தி. போன மாதம் அறுபது அட்டை கொடுத்தேன். ஸ்டேஷன் கடை எழுநூறாக இறங்கியது. ஆஸ்பத்திரி வாசல் கடை அறுநூற்று ஐம்பது என்றது. மணிக்கூண்டில் செல்லாது என்று சொன்னதும் ஆட்கள் அட்டையோடு எழுந்து நடந்தார்கள். இப்போது அவரும் அட்டையை வாங்குகிறார். ஆனால் லென்ஸ் வெட்டுமுன் தன் ஆளை வைத்துப் பத்து நிமிஷம் மறுபடி சோதிக்கிறாராம். வாசலில் விலைப்பலகை மாட்டியிருக்கிறார். மணிக்கூண்டுக் கடையில் விலைப்பலகை!

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டை வாங்கினவர்களில் பாதிப் பேர் என்னிடம் திரும்பி வருவதில்லை. என் அட்டையைக் காட்டி மற்ற கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள். எல்லோர் விலையும் இறங்கிவிட்டால் என்னிடம் வர என்ன காரணம் மிச்சமிருக்கும்? வாடகையை நீட்டிக்கிறேனா இல்லையா என்று கடை உரிமையாளருக்குச் செப்டம்பர் கடைசிக்குள் சொல்ல வேண்டும். நான் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போகிறதோ என்று இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நீயே படி. பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

தங்கை


ஜூலை 30

அன்புள்ள சில்வண்டுக்கு,

நானே படித்தேன். நானே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வருகிறது, பொறுத்துக்கொள். மணிக்கட்டு நன்றாகத்தான் இருந்தது, எப்போதுமே.

நவம்பரில் எழுத்து மங்க ஆரம்பித்தது. டிசம்பரில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் கண்ணாடி போட்டேன். ஆயிரத்து நூறு. அடுத்த கடையைக் கேட்கவில்லை. முதல் நாளே தலைவலி. போய்ச் சொன்னால் "போடப் போடப் பழகிடும் சார்" என்கிறான். ஏழு மாதமாகப் பழகுகிறேன். உன் அட்டைக் கதையைக் கேட்ட பிறகு, என் பவரை எழுதிக் கொடு, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். அட்டை கடையுடையது என்றான்.

உனக்கு எப்படி எழுதுவது? நீ கடை திறந்த அதே மாதம், கண்ணாடிக்காரியின் அண்ணன் முன்பின் யோசிக்காமல் எவனிடமோ ஏமாந்து நிற்கிறான். செருப்புக் கதை என்று உனக்கு எழுதினேனே, அந்த மாதம் நான் ஏமாந்தது செருப்பில் மட்டும் இல்லை. தெரிந்தால் நீ கடையைப் பூட்டிவிட்டு ஓடி வருவாய். முதல் வருஷத்தில் கடை பூட்டியிருக்கக் கூடாது.

போன மாதம் இரண்டு பெட்டி கதவுக் கைப்பிடிகளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டேன். இப்போது என்னை எடை போடும் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். அங்கே முள் பெரிது, தெரிகிறது. முகவரி எழுதுவது வேறொருவர். அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி. அதுதான் வருத்தம்.

அண்ணன்


ஆகஸ்ட் 6

அண்ணா,

திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன். பஸ் டிக்கெட் இரண்டு இதோடு இருக்கிறது. அண்ணியைக் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பழைய கண்ணாடியையும் எடுத்து வா, அதில் அவன் என்ன பவர் போட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கடையைப் பூட்ட மாட்டேன். நீதான் வாடிக்கையாளராக வருகிறாய்.

தங்கை


செப்டம்பர் 14

அன்புள்ள சில்வண்டுக்கு,

வந்து சேர்ந்தோம். முழங்கால், இருமல், எல்லாம் அதனதன் இடத்தில். மாப்பிள்ளை வாளியில் கால் வைத்தபடி எங்களை வரவேற்ற காட்சியை ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் சோதித்தாய். இடது கண்ணில் பஸ் நிறுத்தத்துக்காரன் போட்டது தலைகீழ்க் கணக்கு என்று கண்டுபிடித்தாய். அட்டையை என் கையில் கொடுத்தாய். எந்த பிரேம் என்று நிதானமாகச் சொல்கிறேன் என்று நான் மழுப்பினேன். அன்று சாயங்காலம் நானும் உன் அண்ணியும் காற்று வாங்கப் போகவில்லை. அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்று கடையும் ஏறினாள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் இரண்டாவது கடைக்குப் போனேன். மூன்றாவதுக்கும் போனேன். கடைக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது.

உன் விலை இப்போது ஐந்நூறு. ஆஸ்பத்திரி வாசல் ஐந்நூற்று இருபது. ஸ்டேஷன் நானூற்றுத் தொண்ணூறு. கடைசியாக மணிக்கூண்டு. உன் முதலாளி அட்டையை வாங்கினார். அவருடைய ஆள் என்னை மறுபடி சோதிக்க நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் அட்டையின் கீழே பார்த்தார், கை காட்டி அவனை நிறுத்தினார். "இது அவ எழுதின அட்டைய்யா. மறுபடி பார்க்க வேணாம். அப்படியே லென்ஸை வெட்டு."

நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் உன் அண்ணியைப் பார்த்தேன். அவள் எங்கே பார்த்தாள் தெரியுமா? சுவரோரம் ஒரு ஸ்டூல் இருந்தது. காலியாக, தூசி துடைத்து.

விலை நானூற்று அறுபது. உன் அண்ணி வாங்கிவிட்டாள். நீயே வகுத்த சட்டம் இது என்று வாதாடுகிறாள். கண்ணாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டே உன் வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டோம், சொல்லத் தைரியம் வரவில்லை. பஸ் ஏறின பிறகுதான் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் கடைப் பெயர்களைச் சத்தமாகப் படித்ததாக உன் அண்ணி குற்றம் சாட்டுகிறாள். திங்கள்கிழமை முகவரி மேசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்


செப்டம்பர் 22

துரோகிகளான அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று தெரியும், அதனால் விசாரிக்கவில்லை. என் சோற்றைத் தின்றுவிட்டு மணிக்கூண்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டவர்களுக்கு என்ன கேடு? அண்ணி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானூற்று ஐம்பதுக்கே கொடுத்திருப்பேன். என்னிடம் பேரம் பேசாமல் விட்டுவிட்டீர்களே என்றுதான் ஆறவில்லை.

பதினோரு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். நன்றாகச் செய்தாய் என்று ஒரு நாள், ஒரு பேச்சுக்கு, அவர் சொன்னதில்லை. மறுபடி பார்க்க வேணாம் என்று முதலாளி சொன்ன அந்த வரியை உன் மாப்பிள்ளைக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் கடிதத்தை வாங்கி நாலாவது தடவை அவரே படித்தார்.

மறுநாள் காலையில் கடை உரிமையாளரிடம் போய் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடி யாரிடம் வாங்கினாலும் ஊர் முதலில் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறது. போன மாதம் நூற்று நாற்பது அட்டை. அந்த ஐம்பதுகளே வாடகையைக் கட்டிவிடும். திரும்பி வந்து கண்ணாடி வாங்குகிறவர்கள் அதற்கு மேல் லாபம். ஊரில் இப்போது யாரும் தொள்ளாயிரம் கொடுப்பதில்லை. தையல்காரி தன் அம்மாவுக்கும் கண்ணாடி போட்டுவிட்டாள். எனக்கு நிறைவாக இருக்கிறது, அண்ணா. அந்த ஸ்டூலை அவர் வேறு யாருக்காவது கொடுக்கட்டும்.

ஒரே ஒரு புகார். எறும்பெல்லாம் திரும்பி வந்துவிட்டன. உன் கடிதத்தைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்தேன், சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன், ஒரு வரி புரியவில்லை. கடைசியில் என் அலமாரியிலிருந்தே ஒரு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் படித்தேன். எனக்கும் வயதாகிறது போல. பரவாயில்லை, நீ இப்படியே சின்னதாக எழுது.

உன் சில்வண்டு